கரண்ட் போனால் சேர்வர் தானாக நிற்கவும், வந்தால் தானாக எழும்பவும்

கேட்கப்பட்டது இது: யாழ்ப்பாண நகரில் ஒரு கணக்காய்வு அலுவலகம். ப்ரொக்ஸ்மொக்ஸ் 8 (ஒரு சேர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை, அதாவது விஎம்களை, ஓட்டும் மென்பொருள்) ஓடும் இரண்டு சேர்வர்கள், அந்த விஎம்களின் டிஸ்குகள் இருக்கும் ஒரு நாஸ் (நெற்வேர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி), எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே யூபிஎஸ். கரண்ட் போய் பற்றரி இறங்கியதும் எல்லாம் பட்டென்று நின்றுவிடுகின்றன. இரவிலும் ஞாயிறுகளிலும் அலுவலகத்தில் ஆள் இல்லை. தானாக நிறுத்தி, தானாகவே திரும்ப எழுப்ப என்ன வழி?

வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. யூபிஎஸ்ஸின் யூஎஸ்பி கேபிளை ஒரு ராஸ்பெரி பை என்ற கையளவு கணினியில் செருகுங்கள் (இனி அதைப் பை என்றே சொல்கிறேன்). அதில் நட் என்ற மென்பொருளை ஓடவிடுங்கள். சேர்வர்களும் நாஸும் அந்தப் பையிடம் கேட்டுக் கேட்டு நடந்துகொள்ளும். நட் என்றால் நெற்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ். இலவசம், டெபியன் லினக்ஸின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதை நிறுவுவது சிறிய வேலை. மிச்சம் முழுக்க நேரக் கணக்கு. ஆகவே கணக்கை முதலில் பார்ப்போம்.

கணக்கைப் பற்றரியிலிருந்து தொடங்காதீர்கள். கடைசி விஎம் நின்று முடிய எவ்வளவு நேரம் வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ப்ரொக்ஸ்மொக்ஸில் ஒவ்வொரு விஎம்முக்கும் வரிசை எண் கொடுக்கலாம். எழும்பும்போது 1, 2, 3 என்று போகும். நிற்கும்போது 3, 2, 1. ஒரே எண் உள்ளவை ஒன்றாக நிற்கும். ஒரு குழு முடிந்த பிறகுதான் அடுத்த குழு. நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால் ஒரு விஎம் நிற்க 180 செக்கன் வரை காத்திருக்கும், கொண்டெய்னர் (விஎம்மை விட இலேசான வகை) என்றால் 60 செக்கன். தரவுத்தளம் 1, கணக்கு மென்பொருள் 2, மற்றவை 3 என்று வைத்தால் மோசமான நிலையில் 180 செக்கன் மூன்று தடவை, அதாவது 9 நிமிடம். இது தேவையில்லாத நீளம். ஒவ்வொரு விஎம்மையும் வேலைப்பளு உள்ள நேரத்தில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். எடுத்த நேரத்தின் இரண்டு மடங்கை அதன் காலக்கெடுவாகப் போடுங்கள். 120, 60, 60 என்று வந்தால் மொத்தம் 240 செக்கன். சேர்வர் தன்னை நிறுத்த 40, அதன் பிறகு நாஸுக்கு 90. ஆக நிறுத்தத்துக்கு மட்டும் ஆறு நிமிடத்துக்குச் சற்று மேல். கரண்ட் போனவுடனே நிறுத்தத் தொடங்கமாட்டோம், 3 நிமிடம் பொறுப்போம். மொத்தம் 9 நிமிடம் சொச்சம்.

இப்போது பற்றரியைப் பாருங்கள். 12 வோல்ற், 9 ஆம்பியர்-மணி பற்றரி இரண்டு உள்ள யூபிஎஸ் என்று வைப்போம். தாளில் 216 வாற்-மணி. ஆனால் இருபது மணித்தியாலம் ஆறுதலாக இறக்கினால்தான் அந்த அளவு கிடைக்கும். 300 வாற் சுமைக்கு, இன்வேர்ட்டர் இழப்பையும் சேர்த்தால், பற்றரியிலிருந்து 350 வாற் அளவில் போகும். அந்த வேகத்தில் பெயர்ப்பலகையில் உள்ளதில் பாதியை விடக் கொஞ்சம் கூடத்தான் கிடைக்கும். புதிதாக இருக்கும்போது 18 நிமிடம் வரலாம். மூன்றாவது வருடத்தில் அதில் பாதியைத்தான் நம்பலாம், அது நமக்குத் தேவையான 9 நிமிடம். மட்டுமட்டு. நான் என்றால் புதிய பற்றரியில் 20 நிமிடத்துக்குக் குறைவாக வரும் யூபிஎஸ்ஸில் இந்தச் சுமையை வைக்கமாட்டேன்.

வெப்பமும் சேர்கிறது. மூடிய ஈய-அமில பற்றரியின் ஆயுள் 25 பாகையில் கணக்கிடப்பட்டது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். யாழ்ப்பாணத்தில் ஓட்டுக் கூரைக்குக் கீழே, ஏசி இல்லாத ஒரு மூலையில் யூபிஎஸ்ஸை வைத்தால், அதன் உட்புறம் நாள் முழுக்க 35 பாகைக்குக் குறையாது. யூபிஎஸ்ஸைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், சேர்வரின் சூடான காற்று வரும் பக்கம் வைக்காதீர்கள்.

பற்றரி மாற்றும்போது ஒரு விஷயம். 7 ஆம்பியர்-மணியும் 9 ஆம்பியர்-மணியும் வெளியளவில் ஒன்றுதான்: 151 க்கு 65 மில்லிமீற்றர், உயரமும் ஒன்று. கடையில் 9 இல்லையென்று 7 ஐப் போட்டுத் தந்தால் பெட்டியைத் திறக்காமல் கண்டுபிடிக்க முடியாது. கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். முனையின் அகலத்தையும் பாருங்கள்: சிலவற்றில் 4.75 மில்லிமீற்றர், சிலவற்றில் 6.35. தளர்ந்த முனை சூடாகும். தொடரில் உள்ள பற்றரிகளில் ஒன்றை மட்டும் மாற்றுவது காசை வீணாக்குவது. பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்து, யூபிஎஸ் கதைக்குமா என்று பார்க்க வேண்டும். பின்பக்கத்தில் யூஎஸ்பி துளை இருந்தால் மட்டும் போதாது. சில மாதிரிகளில் அது கைபேசி சார்ஜ் செய்ய மட்டும். நெற்வேர்க் கேபிள் போகும் துளை இரண்டு இருந்தால் அவை பெரும்பாலும் மின்னல் பாய்ச்சலிலிருந்து காப்பதற்கு, கண்காணிப்புக்கு அல்ல. ஏபிசியின் பல மாதிரிகளில் பத்து முனை உள்ள தனித் துளை இருக்கும். அதற்கு 940-0127 என்ற எண் தொடரில் வரும் கேபிள் வேண்டும். ஏபிசி ஸ்மார்ட் யூபிஎஸ்ஸின் பழைய சீரியல் துளையில் சாதாரண சீரியல் கேபிளை ஒருபோதும் செருகாதீர்கள். அதன் முனை இணைப்பு வேறு மாதிரி என்பதால், செருகிய கணமே யூபிஎஸ் வெளியீட்டை வெட்டிவிடலாம். வெளியீட்டு அலை உண்மையான சைன் அலையா என்றும் கடையில் கேளுங்கள். படிபோன்ற அலை தரும் மலிவு யூபிஎஸ்ஸில், ஆக்டிவ் பிஎஃப்சி (மின் இழுப்பை அலையோடு ஒத்துப்போகச் செய்யும் சுற்று) உள்ள சேர்வர் பவர் சப்ளை சிலநேரம் மாறும் கணத்திலேயே விழும்.

பையை ஏன் நடுவில் வைக்கிறோம்? யூபிஎஸ் கேபிள் செருகிய மெஷின்தான் கடைசியாக நிற்க வேண்டும். அதை ஒரு சேர்வரில் செருகினால், அந்தச் சேர்வரைப் பழுதுபார்க்க நிறுத்தும் நாளில் மற்றதுக்குக் காவல் இல்லை. பை 5 வாற் அளவில்தான் இழுக்கும். அதன் எஸ்டி கார்ட் திடீர் நிறுத்தத்தில் கெடாமலிருக்க, அமைப்பெல்லாம் முடிந்த பிறகு ராஸ்பி-கொன்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறையை இயக்கி, கார்டை வாசிக்க மட்டும் என்று ஆக்குங்கள். நெற்வேர்க் சுவிச்சும் ரவுட்டரும் இதே யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பற்றரியில் ஓடும்போது பையுடன் தொடர்பு அறுந்தால், சேர்வரில் உள்ள நட் மோசமானது நடந்துவிட்டது என்று எடுத்து உடனே நிறுத்தத் தொடங்கும். அது சரியான நடத்தைதான், ஆனால் சுவிச் சுவரில் நேரே செருகியிருந்தால் கரண்ட் போன கணமே அதுவும் அணையும், பற்றரிக்கு மாறிய செய்தி சேர்வர்களுக்குப் போய்ச் சேராது, பற்றரி முடிந்ததும் அவை பட்டென்று விழும்.

இனி நிறுவல். பெயர்களை இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். பையில் 'எல்எஸ்யூஎஸ்பி' (செருகிய யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளை) ஓடவிட்டுப் பாருங்கள். 0463 என்று தொடங்கினால் ஈட்டன், 0764 என்றால் சைபர்பவர்; இவற்றுக்கும் ஏபிசிக்கும் 'யூஎஸ்பிஹிட்-யூபிஎஸ்' என்ற டிரைவர். 0665:5161 என்று வந்தால், பல பெயர்ப்பலகைகளில் விற்கப்படும் மெகாடெக் வகை, அதற்கு 'நட்டிரைவ்-க்யூஎக்ஸ்'. 'யூபிஎஸ்.கொன்ஃப்' கோப்பில் யூபிஎஸ்ஸுக்கு ஒரு பெயர், டிரைவர், போர்ட்டுக்கு 'ஓட்டோ'. 'நட்.கொன்ஃப்' இல் மோட் என்பது ஆரம்பத்தில் 'நண்' என்று இருக்கும், அப்படியிருந்தால் எந்தச் சேவையும் தொடங்காது. பையில் அதை 'நெட்சேர்வர்' ஆக்குங்கள், சேர்வர்களில் 'நெட்கிளையண்ட்'. 'அப்எஸ்டி.கொன்ஃப்' இல் லிசன் வரி இல்லாவிட்டால் தன் மெஷினுக்கு மட்டும் காதுகொடுக்கும். பையின் ஐபியைப் போட்டால், நெற்வேர்க் எழும்ப முன்பே சேவை தொடங்கித் தோற்றுப்போவது வழக்கம். 0.0.0.0 என்று போட்டு, 3493 ஆம் போர்ட்டுக்கு இந்த மூன்று மெஷின்கள் மட்டும் வரலாம் என்று ஃபயர்வோலில் பூட்டுங்கள்.

பிறகு யூபிஎஸ்ஸின் நிலையைக் காட்டும் 'அப்எஸ்சி' கட்டளை. 'யூபிஎஸ்.ஸ்டேட்டஸ்' க்கு நேரே ஓஎல் என்று வந்தால் மெயின்ஸில் இருக்கிறது. ஓபி என்றால் பற்றரியில். எல்பி சேர்ந்து வந்தால் பற்றரி முடியப்போகிறது. டிரைவருடன் இணைய முடியவில்லை என்ற பிழை வந்தால் பெரும்பாலும் யூஎஸ்பி அனுமதி. கேபிளைக் கழற்றித் திரும்பச் செருகினால், சாதனங்களுக்கு அனுமதி கொடுக்கும் யூடெவ் விதி வேலைசெய்யும். 'டேட்டா ஸ்டேல்' என்று அடிக்கடி வந்தால் கேபிளை மாற்றுங்கள், நீளமான யூஎஸ்பி நீட்டிப்பை எடுத்துவிடுங்கள்.

மெகாடெக் வகையில் பற்றரி வீதத்தை நம்பாதீர்கள். அந்த யூபிஎஸ் சொல்வது வோல்ற் மட்டும். வீதத்தை டிரைவர் ஊகிக்கிறது. சுமை ஏறிய கணம் வோல்ற் விழும், 100 இல் நின்றது 60 க்குக் குதிக்கும், கரண்ட் வந்ததும் திரும்ப ஏறும். 'ரன்டைம்கால்' என்ற வரியில் முழுச் சுமையில் இத்தனை செக்கன், பாதிச் சுமையில் இத்தனை செக்கன் என்று நீங்கள் அளந்ததைக் கொடுத்தால் ஊகம் திருந்தும். அப்படியும், நிறுத்தத்தைத் தொடங்குவதை மணிக்கூட்டிடம் கொடுங்கள். வீதமும் எல்பியும் இரண்டாவது காவல்.

மணிக்கூடு என்பது 'அப்எஸ்ஷெட்'. பற்றரிக்கு மாறியதும் 180 செக்கன் எண்ணத் தொடங்கும், மெயின்ஸ் வந்தால் எண்ணிக்கை ரத்து, முடிந்தால் 'அப்எஸ்மொன் -சி எஃப்எஸ்டி' என்று கட்டாய நிறுத்தத்தை அறிவிக்கும். இரண்டு இடத்தில் இது சத்தமில்லாமல் தவறும். ஒன்று, அதன் பைப், லொக் என்ற இரண்டு உதவிக் கோப்புகளுக்கும் கொடுத்த கோப்புறை இல்லாமலிருப்பது அல்லது நட் பயனருக்கு அங்கே எழுத அனுமதி இல்லாமலிருப்பது. எண்ணிக்கை தொடங்கவே தொடங்காது. மற்றது, ஒக்ரோபர்–நவம்பர் இடிமழை நாட்களில் வருவது. லைன் இருபது செக்கன் வந்து திரும்பப் போகும். ஒவ்வொரு வருகையும் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கும், பற்றரியோ நிரம்பாது. வெறுமையான பற்றரி நிரம்பப் பல மணித்தியாலம் வேண்டும். இதற்காக மெயின்ஸ் வந்ததும் உடனே ரத்துச் செய்யாமல், 60 செக்கன் நிலைத்து நின்றால் மட்டும் ரத்துச் செய்யும்படி ஸ்கிரிப்டை எழுதுங்கள்.

பயனர்க் கோப்பில் பையின் பயனர் 'பிறைமரி', மற்றவை 'செகண்டரி'. 2022 இல் வந்த 2.8.0 பதிப்புக்கு முன் இவற்றின் பெயர் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்'. இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் அப்படித்தான் இருக்கும்.

இங்கே உங்கள் அமைப்புக்கே உரிய சிக்கல் ஒன்று. விஎம் டிஸ்குகள் நாஸில் இருக்கின்றன. கட்டாய நிறுத்தம் என்ற செய்தி எல்லாச் செகண்டரிக்கும் ஒரே நேரத்தில் போகும். நாஸ் கெதியாக நின்றுவிட்டால், சேர்வர்களில் விஎம்கள் எழுத இடமில்லாமல் தொங்கும். பிறகு அவற்றை ஒழுங்காக நிறுத்தவே முடியாது. அதனால் நாஸில் 'ஃபைனல்டிலே' (செய்தி வந்த பிறகு நிறுத்தத் தொடங்கும்வரை காத்திருக்கும் நேரம்) ஐ 300 செக்கன் ஆக்குங்கள், சேர்வர்களில் அதை 5 இலேயே விடுங்கள். பையில் 420. செகண்டரிகள் துண்டிக்க 'ஹோஸ்ட்சிங்க்' 15 செக்கன் காத்திருக்கும் என்பதை நம்பி இருக்காதீர்கள். செகண்டரி நிறுத்தத்தைத் தொடங்கும்போதே இணைப்பு அறுந்துவிடும். அது நின்று முடிந்ததைப் பை அறியாது. 420 செக்கன் நீளமாகத் தெரியும், ஆனால் ஐந்தாவது நிமிடத்துக்குப் பிறகு யூபிஎஸ்ஸில் பெரிய சுமை எதுவும் இல்லை. சில மலிவு யூபிஎஸ்கள் சுமை மிகக் குறைந்தால் பற்றரியைக் காக்கத் தாங்களே அணைந்துவிடும். அந்த வசதியை அணைக்க முடிந்தால் அணையுங்கள்.

விஎம்களுக்கு உள்ளேயும் ஒரு பார்வை. ப்ரொக்ஸ்மொக்ஸில் கெஸ்ற் ஏஜென்ற் (விஎம்முக்குள் இருந்து ப்ரொக்ஸ்மொக்ஸின் கட்டளையைக் கேட்கும் சிறு நிரல்) தேர்வைப் போட்டுவிட்டு விஎம்முக்குள் அதை நிறுவாமல் விடுவது மிகப் பரவலான பிழை. நிறுத்தச் சொல்லும் செய்தி இல்லாத ஏஜென்ற்றிடம் போகும், காலக்கெடு முடியும்வரை விஎம் அசையாது, பிறகு கரண்ட் போனதுபோலவே வெட்டப்படும். விண்டோஸ் சேர்வர் என்றால் அப்டேற்றுகளை நிறுவுவதற்கு ஒரு குறித்த நேரம் வையுங்கள். பற்றரியில் ஓடும்போது அப்டேற் நிறுவத் தொடங்கினால் எந்தக் காலக்கெடுவும் போதாது.

இரண்டு சேர்வரும் ஒரு கிளஸ்டரில், அதாவது ஒரே குழுவாக இணைந்து, இருந்தால் மேலும் இரண்டு விஷயம். எச்ஏ (ஒரு சேர்வர் விழுந்தால் அதன் விஎம்களை மற்றதில் எழுப்பும் வசதி) இயங்கினால் அதன் நிறுத்தக் கொள்கையை 'ஃப்ரீஸ்' ஆக்குங்கள். இயல்பான கொள்கையில், ஒரு சேர்வர் நிற்கும்போது அதன் விஎம்களை மற்றச் சேர்வரில் எழுப்பப் பார்க்கும். அதுவும் நின்றுகொண்டிருக்கும் நேரத்தில் அது. அடுத்தது, இரண்டு வாக்கு மட்டும் உள்ள கிளஸ்டரில், மின் வந்த பிறகு ஒரு சேர்வர் எழும்பாவிட்டால் மற்றதுக்குக் கோரம் (பெரும்பான்மை வாக்கு) கிடைக்காது, அதிலுள்ள விஎம்களும் தொடங்காது. பையில் க்யூ-டிவைஸ் சேவையை ஓடவிட்டால் அது மூன்றாவது வாக்காகும்.

எழும்புவதைப் பலர் கடைசியில்தான் நினைக்கிறார்கள். சேர்வரின் பயோஸில், மின் போய்த் திரும்பினால் 'பவர் ஒன்' என்று வையுங்கள். ஆனால் சேர்வர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே கரண்ட் வந்துவிட்டால்? யூபிஎஸ் வெளியீடு ஒரு கணமும் அறுபடவில்லை. சேர்வரின் கண்ணில் கரண்ட் போகவே இல்லை. ஆகவே அது எழும்பாது, திங்கட்கிழமை காலைவரை அணைந்தே கிடக்கும். இதற்குத்தான் 'பவர்டவுன்ஃப்ளாக்'. பை தன்னை நிறுத்தும் கடைசிக் கணத்தில் யூபிஎஸ்ஸிடம் வெளியீட்டை வெட்டச் சொல்லும். மெயின்ஸ் இருந்தாலும் யூபிஎஸ் வெட்டிவிட்டுத் திரும்பக் கொடுக்கும். 'ஓஃப்டிலே' 60, 'ஒன்டிலே' 120 என்று வையுங்கள். இரண்டாவது எப்போதும் கூடவாக இருக்க வேண்டும். 'பேட்டரி.சார்ஜ்.ரீஸ்டார்ட்' என்ற மாறி உங்கள் யூபிஎஸ்ஸில் இருந்தால் 30 அல்லது 40 வீதம் கொடுங்கள். சேர்வர்கள் எழும்பிய உடனே திரும்பக் கரண்ட் போனால் இன்னொரு நிறுத்தத்துக்குப் பற்றரியில் மீதி வேண்டும்.

இங்குள்ள நிலைமைக்குச் சில குறிப்புகள். 2025 பெப்ரவரி 9 இல் நாடு முழுவதும் மின் போனது ஞாயிற்றுக்கிழமை. அப்படிப்பட்ட நாளில் அலுவலகத்தில் யாரும் இருக்கப்போவதில்லை. ஆனால் நாடு இருளாகத் தேவையில்லை. மின்னலுக்கு ட்ரிப் சுவிச் விழுந்தால் தெருவெல்லாம் வெளிச்சம், உங்கள் கட்டடம் மட்டும் இருள், யாராவது வந்து தூக்கும்வரை கரண்ட் வராது. பை பற்றரிக்கு மாறியதும் ஒரு குறுஞ்செய்தியோ டெலிகிராம் செய்தியோ அனுப்பட்டும். அதற்காக ஃபைபர் பெட்டியும் யூபிஎஸ்ஸில் இருக்கட்டும். கூரையில் சோலார் இருக்கிறது என்று ஆறுதல்பட வேண்டாம்: லைனுடன் இணைந்த சாதாரண இன்வேர்ட்டர், லைன் போனால் பாதுகாப்புக்காகத் தானும் அணையும்.

சிறிய ஜெனரேற்றர் போட்டால், யூபிஎஸ் அதை ஏற்காமல் பற்றரியிலேயே நிற்பதைக் காண்பீர்கள். வேகம் ஏறி இறங்க 50 ஹேர்ட்ஸ் அலையும், யூபிஎஸ் அதை நல்ல மின் என்று எடுக்காது. யூபிஎஸ்ஸின் உணர்திறனைக் குறைக்கலாம். 'அப்எஸ்ஆர்டபிள்யூ' கட்டளையால் 'இன்புட்.சென்சிடிவிட்டி' ஐ 'லோ' ஆக்க முடிகிறதா என்று பாருங்கள். ஏவிஆர் (வோல்றைச் சீராக வைக்கும் சுற்று) உள்ள, சுமைக்கு இரண்டு மடங்கு கொள்ளளவுள்ள ஜெனரேற்றர் அதைவிட நல்லது.

பரிசோதனையை மூன்று படியாகச் செய்யுங்கள், போயா விடுமுறை நாளில். பிளக்கைப் பிடுங்காதீர்கள், அப்போது எர்த்தும் போய்விடும். சுவர்ச் சொக்கற்றின் சுவிச்சை அணையுங்கள். முதலில் சேர்வர்களைக் கழற்றிவிட்டு, 100 வாற் இழைக் குமிழ்கள் மூன்றை யூபிஎஸ்ஸில் எரித்து, உண்மையில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று அளவிடுங்கள். பிறகு எல்லா மெஷினிலும் நிறுத்தக் கட்டளையின் இடத்தில் பதிவுக் கோப்பில் ஒரு வரி எழுதும் கட்டளையைப் போட்டு, வரிசையும் நேரமும் சரிதானா என்று பாருங்கள். அதன் பிறகே உண்மையான நிறுத்தம்.

கடைசி ஓட்டத்தில், சேர்வர்கள் நிற்கத் தொடங்கி ஒரு நிமிடத்தில் சுவர்ச் சுவிச்சைத் திரும்பப் போட்டுவிட்டு எதையும் தொடாமல் இருங்கள். எல்லாம் நின்று, யூபிஎஸ் வெட்டி, இரண்டு நிமிடத்தில் திரும்பக் கொடுத்து, சேர்வர்கள் தாமாக எழும்ப வேண்டும். மெகாடெக் வகையில் சில, மெயின்ஸ் இருக்கும்போது வெட்டமாட்டா. சில வெட்டிவிட்டுத் திரும்ப எழும்பமாட்டா. அப்படியென்றால் யூபிஎஸ்ஸை வெட்டச் சொல்வதை விட்டுவிடுங்கள். பையை நிறுத்தாமல் விட்டு, மெயின்ஸ் வந்து பத்து நிமிடம் நிலைத்த பிறகு முதலில் நாஸுக்கும், அது பிங்குக்குப் பதில் சொன்னதும் சேர்வர்களுக்கும் வேக்-ஒன்-லான் பொதி (அணைந்த மெஷினை நெற்வேர்க் வழியே எழுப்பும் செய்தி) அனுப்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதுங்கள். மூன்று மெஷினின் பயோஸிலும் அந்த வசதியை இயக்கிவிட்டு, அதே பரிசோதனையை முதலிலிருந்து செய்யுங்கள்.